படத்துக்குப் பின்னால் எழுதியது

ஜூன் 5, திங்கள்

கடையில் இன்று ஒரு காதுகுத்து அழைப்பிதழ், இரண்டு கண்ணீர் அஞ்சலி. இறந்தவரின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருப்பதை நான் காட்டிய பிறகுதான் அவருடைய மகன்களுக்கே தெரிந்தது. இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் பிறந்தவர்களையும் போனவர்களையும் நான்தான் டைப் அடிக்கிறேன். சந்தனமாரி அடித்தால் பிழை இருக்காது என்று அருப்புக்கோட்டை முழுக்கப் பெயர்.

பதினோரு மணிக்கு ஒரு போன். பெயர் பிலோமினா, திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் ஆங்கில டீச்சராம். என் இணையதளத்தில் போட்டிருக்கும் நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"அக்கா, நீங்கதான அந்த வாலிபால் சைட் வெச்சிருக்கிறது? அதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?"

"ஏம்மா, தமிழ் வாசிக்க வராதா?"

"வரும்க்கா. கண்ணுதான் தெரியாது. எனக்குப் போன்தான் வாசிச்சுக் காட்டும். உங்க சைட்டத் திறந்தா அது உளறுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் எந்த வகுப்புக்கும் போகாமல் நானே உட்கார்ந்து கட்டிய தளம் அது. எங்கள் ஊர்ப் பெண்கள் வாலிபால் அணியைப் பற்றி அறுபத்தொரு பக்கம். அதைப் போய் உளறல் என்றால்? "என்ன உளறுதுன்னு எனக்கும் காட்டு" என்றேன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். உணர்ச்சியே இல்லாத ஒரு பெண் குரல், "எம். இசட். பி." என்றது.

என் விரல்கள் மேசை மேல் தானாக அசைந்தன. எம் என்றால் அ. இசட் என்றால் ண. பி என்றால் இகரக் குறி. "அணி" என்றேன். "அடுத்தது?"

"எம், கே, செமிகோலன், கே, எச்."

"அம்மா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நீங்க என்ன மிஷினா?"

மிஷின் இல்லை, பழைய ஆள். அன்றைக்கு எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துருவெல்லாம் வேஷம்தான். பார்க்கிற கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் போனால் ஆங்கில எழுத்து. கண்ணில்லாதவளிடம் வேஷம் செல்லுமா? நான் ஆசை ஆசையாக எழுதியதெல்லாம் அவளுக்கு எம்மும் இசட்டுமாகப் போயிருக்கிறது.

"ஒரு வாரத்துல சரி பண்ணித் தர்றேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

ஒரு வாரம் என்று சொன்ன என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூன் 10, சனி

பழைய எழுத்தை, போனுக்கும் புரிகிற யூனிகோடாக மாற்ற ஒரு கருவி கிடைத்தது. கொம்புகளையெல்லாம் இடம் மாற்றிப் போட்டு, "கோப்பை" இருந்த இடத்தில் வாயில் நுழையாத ஏதோ ஒன்றைக் கொடுத்தது. வரி வரியாகப் பார்த்துத் திருத்துகிறேன். அதைவிடப் பெரிய வேலை இருபத்திரண்டு பக்கங்களில் காத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அடுத்தவர் கம்ப்யூட்டரில் என் எழுத்து தெரியவில்லை என்பதற்காக, பக்கத்தையே படமாக்கிப் போட்டேன். அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. எழுத்தைப் போட்டோ பிடித்து மாட்டிய ஒரே ஜாதி நாங்கள்தான். அதையெல்லாம் முதலிலிருந்து மறுபடியும் அடிக்க வேண்டும்.

இடது கை சுண்டுவிரல் வலிக்கிறது. 1986 இறுதிப்போட்டியில் உடைந்து கோணலாகக் கூடிய விரல். அதனால்தான் நான் ஆட்டத்தை விட்டேன் என்பது ஊரறிந்த கதை.

ராத்திரி சாப்பாட்டுக்கு மாவு இல்லை. உப்புமா கிண்டினேன். தறிக்குப் போய்விட்டு வந்த செண்பகராஜ் தட்டோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"செவப்புல மஞ்ச எழுத்து. பொண்டாட்டி எழுதியிருக்காளேன்னு நாலஞ்சு தடவ வாசிக்கப் பாத்தேன். கண்ணு கூசுது, விட்டுட்டேன்."

பதினாலு வருஷம் வாயைத் திறக்காத மனுஷர். பிளெக்ஸ் போர்டு மாதிரி பளிச்சென்று இருக்கட்டும் என்று நான்தான் அந்த நிறத்தை வைத்தேன். உடனே வெள்ளையில் கறுப்பாக மாற்றினேன், எழுத்தையும் பெரிதாக்கினேன். அவர் முதல் பக்கத்தை நின்றபடியே வாசித்து முடித்தார். உப்புமா ஆறிவிட்டது.

ஜூன் 14, புதன்

பிலோமினாவுக்குப் பதினைந்து பக்கம் அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"இப்பத் தமிழ் பேசுதுக்கா! ஆனா லிங்க் எல்லாத்துக்கும் 'இங்கே சொடுக்கவும்'னு வெச்சிருக்கீங்க. எனக்கு 'இங்கே, இங்கே, இங்கே'ன்னு கேக்குது. எங்கக்கா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஒவ்வொன்றையும் மாற்றினேன். இப்போது லிங்க் எங்கே போகிறதோ அந்தப் பெயரைச் சொல்லும்.

இந்த வாலிபால் அவளுக்கு எதற்கு என்று கேட்டேன். பள்ளியில் படித்தபோது பி.டி. பீரியட் வந்தால் இவளை மட்டும் வகுப்பறையிலேயே உட்கார வைத்துவிடுவார்களாம். வெளியே பந்து அடிபடுகிற சத்தம், கத்தல், விசில்.

"பத்து வருஷம் சத்தம் மட்டும் கேட்டேன்க்கா. அங்க என்னதான் நடந்துச்சுன்னு யாரும் சொன்னதில்ல. நீங்கதான் பந்து எப்படிப் போச்சு, யாரு எங்க நின்னான்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு விடாம எனக்கு வேணும்."

ஒன்று விடாமல் தருகிறேன் என்று சொன்னேன். சொன்னால் செய்வேன்.

ஜூன் 15, வியாழன்

கடைக்குத் துரைக்கண்ணு வந்தார். ஸ்போர்ட்ஸ் கிளப் செயலாளர், பழைய வாடிக்கையாளர். எங்கள் கோச் கனகசபை சாருக்கு எண்பது வயதாகிறதாம். ஜூலை 9 ஞாயிற்றுக்கிழமை பஜார் மண்டபத்தில் பாராட்டு விழா, வாழ்நாள் சாதனையாளர் பட்டம். அழைப்பிதழ், பிளெக்ஸ் எல்லாம் என் கடையில்தான்.

"அந்த எம்பத்தாறு குரூப் போட்டோ ஒங்ககிட்ட மட்டுந்தான இருக்கு? மேடைக்குப் பின்னால பெருசாப் போடணும். நல்லா ஸ்கேன் பண்ணிக் குடுங்க."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவர் போன பிறகு அழைப்பிதழை அடித்தேன். "வாழ்நாள்" என்ற சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தேன். கரண்ட் ஏறி இறங்கியதால் இருக்கும்.

சாம்பார் அடிபிடித்துவிட்டது.

ஜூன் 19, திங்கள்

எழுத்து முடிந்தது. இனி படங்கள், மொத்தம் நாற்பத்து மூன்று. பிலோமினாவின் போன் ஒவ்வொன்றிலும் "படம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறதாம். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு விவரம் எழுதி வைக்கலாம். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, போன் மட்டும் அதை எடுத்து வாசிக்கும். பதினாலு வருஷமாக அந்த இடம் காலியாகக் கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது.

முப்பது படத்துக்கு எழுதினேன். "பந்து வலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில். நான்காம் எண் குதித்திருக்கிறாள், ஒரு காலில் செருப்பில்லை." "மைதானத்தில் மாடு. நடுவர் விரட்டுகிறார். மாடு அசையவில்லை." எழுதும்போது எனக்கே புதிதாக இருந்தது. ஒரு காலில் செருப்பில்லை என்பதை இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை.

1986 குரூப் போட்டோவுக்கு "வாலிபால் அணி, கோப்பையுடன்" என்று எழுதினேன். போதும்.

ஜூன் 23, வெள்ளி

போதாதாம்.

"மாட்டுக்கே ரெண்டு வரி எழுதியிருக்கீங்க. டீமுக்கு மூணே வார்த்தையாக்கா?"

"குரூப் போட்டோல என்னம்மா இருக்கும்? நிக்கிறாங்க, சிரிக்கிறாங்க."

"படத்துக்குக் கீழ 'மறக்க முடியாத தருணம்'னு போட்டிருக்கீங்கள்ல. எது மறக்க முடியலைன்னு படம் சொல்லலையே."

அது ஆல்பத்தில் எல்லோரும் போடுகிற வாசகம். நானே ஆயிரம் கல்யாண ஆல்பத்துக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். கைப்பழக்கத்தில் அடித்தது என்று சொன்னேன். அவள் விடவில்லை.

"கண்ணு தெரிஞ்சவங்களுக்கு அதுல என்னென்ன தெரியுதோ அதெல்லாம் எனக்கும் வேணும்க்கா. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

ஜூன் 24, சனி

கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டேன். பிழை திருத்துகிற மாதிரியே செய்தேன். அர்த்தத்தைப் பார்க்காமல் இடமிருந்து வலம், ஒவ்வொன்றாக. எழுதியது இது:

"கறுப்பு வெள்ளைப் படம். முன்வரிசையில் மூன்று பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இருப்பவள் மடியில் கோப்பை. பின்வரிசையில் நான்கு பெண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் பயிற்சியாளர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். அவருடைய வலது கை ஆறாம் எண் பெண்ணின் தோளைச் சுற்றி வந்து கழுத்தருகே இருக்கிறது. நான்கு விரல்கள் பனியன் கழுத்துக்குள் இருக்கின்றன, கட்டைவிரல் மட்டும் வெளியே தெரிகிறது. ஆறாம் எண் அவரை விட்டு விலகிச் சாய்ந்து நிற்கிறாள். அவளுடைய இடது சுண்டுவிரலில் கட்டு. ஐந்து பேர் சிரிக்கிறார்கள். ஆறாம் எண் சிரிக்கவில்லை. ஒன்றாம் எண், அணித்தலைவி, கேமராவைப் பார்க்கவில்லை. ஆறாம் எண்ணைப் பார்க்கிறாள். அவளும் சிரிக்கவில்லை."

இதில் என் கருத்து ஒன்றும் இல்லை. இருப்பதைத்தான் எழுதியிருக்கிறேன். எப்படியும் இது படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கண் உள்ள ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அதனால்தான் எழுத முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஆறாம் எண் யார் என்பது இப்போது முக்கியமில்லை.

ஜூன் 28, புதன்

பிலோமினா நான்கு நாளாகக் கூப்பிடவில்லை. இன்று கூப்பிட்டாள். குரலில் பழைய துள்ளல் இல்லை.

"அக்கா, அந்த ஆறாம் நம்பர் அப்புறம் வெளையாடுனாங்களா?"

"இல்ல. தீபாவளிக்கப்புறம் ஸ்டேட் கேம்ப். போகல."

"வெரல் ஒடஞ்சதாலயா?"

விரல் ஒரு மாதத்தில் கூடிவிட்டது. போட்டோ எடுத்தது ஆடி மாதம். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. ஆட்டம் நடந்த தேதி தளத்திலேயே இருக்கிறது, அவளும் கணக்குப் போடாமல் இருந்திருக்க மாட்டாள்.

"அந்தப் படத்த எத்தன பேருக்கா பாத்திருப்பாங்க?"

ஆயிரக்கணக்கான பேர். லைக் போட்டார்கள், கும்பிடு போட்டார்கள், சாரின் கம்பீரத்தைப் பாருங்கள் என்று எழுதினார்கள். ஒருவரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

"நீங்க எழுதினத அவங்க வாசிக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"கண்ணு தெரியாதவங்களுக்கு மட்டும் சொல்லியிருக்கீங்க. கண்ணு தெரிஞ்சவங்க என்னக்கா பாவம் பண்ணினாங்க?"

கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கடையில் ஒருவரும் இல்லை.

ஜூலை 1, சனி

நான் போட்டோ கொடுக்காமல் இழுத்தடிக்கிறேன் என்று, துரைக்கண்ணு டீக்கடையில் உட்கார்ந்து என் தளத்திலிருந்தே எடுக்கப் பார்த்திருக்கிறார். அங்கே சிக்னல் மோசம். படம் வரவில்லை. படம் வராவிட்டால் அதன் இடத்தில் பின்னால் எழுதி வைத்த விவரம் வந்து நிற்கும் என்பது எனக்கே இன்றுதான் தெரியும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேகமாகக் கடைக்கு வந்தார்.

"என்னம்மா இது? எம்பது வயசு மனுஷனப் போய் இப்படி எழுதி வெச்சிருக்கீங்க!"

"எப்படி எழுதியிருக்கேன்?"

"கை இங்க இருக்கு, வெரல் அங்க இருக்குன்னு..."

"இல்லையா?"

மேசை இழுப்பறையைத் திறந்து அசல் போட்டோவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பூதக்கண்ணாடியையும் வைத்தேன்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல. இருக்கிறத எழுதியிருக்கேன். இந்த ஊர்ல என் எழுத்துல பிழ கண்டுபிடிச்சவங்க இல்ல. நீங்க கண்டுபிடிங்க, இப்பவே திருத்துறேன்."

அவர் பூதக்கண்ணாடியைத் தொடவில்லை. போட்டோவின் மேல் ஒரே ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, சட்டென்று பார்வையைச் சுவர் காலண்டருக்கு மாற்றிக்கொண்டார். முப்பத்தேழு வருஷத்தில் கண் உள்ள ஒருவர் அந்தக் கையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அத எடுத்துருங்கம்மா. கிளப்போட மானம்."

"படம் வேணும்னா வெவரத்தோட எடுத்துட்டுப் போங்க. பிரிச்சுக் குடுக்கிறதில்ல."

இனி கிளப் வேலை ஒன்றும் இந்தக் கடைக்கு வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அழைப்பிதழ் கட்டு மேசையிலேயே கிடந்தது. கூப்பிட்டுக் கையில் கொடுத்தனுப்பினேன். நான் அடித்தது, வீணாகக் கூடாது.

சாயங்காலம் வரை கடையைத் திறந்தே வைத்திருந்தேன்.

ஜூலை 3, திங்கள்

சாத்தூரிலிருந்து குருவம்மாள் பேசினாள். எங்கள் கேப்டன், ஒன்றாம் எண். பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விழாவில் அவள்தான் வரவேற்புரை. துரைக்கண்ணு அவளுக்கு என் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

"ஏண்டி மாரி, இத்தன வருஷம் கழிச்சு எதுக்குடி? பேரப்பிள்ளைக எடுத்தாச்சு. அத அழிச்சிரு."

"எதுல பொய்யி இருக்கு, சொல்லு. அழிக்கிறேன்."

"பொய்யின்னு நான் சொல்லலடி."

"அப்ப?"

"நான் ஆறாம் நம்பரப் பாக்குறேன்னு எழுதியிருக்கியே. அத மட்டுமாச்சும் எடுத்துரு."

"நீ பாக்கலயா?"



"பாத்துக்கிட்டுத்தான்டி இருந்தேன்" என்றாள். "ஆட்டத்துக்குப் போன ரயில்லயும் பாத்தேன். பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். எனக்குப் பதினெட்டு வயசுடி."

"எனக்குப் பதினேழு" என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். போன் கட்டாகிவிட்டது.

மாவு அரைத்து வைத்தேன். கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 5, புதன்

செண்பகராஜ் இப்போது ராத்திரி சாப்பிட்டதும் ஒரு பக்கம் வாசிக்கிறார். இன்று குரூப் போட்டோ பக்கம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, படத்துக்குப் பின்னால் எழுதியதை நானே வாசித்துக் காட்டினேன். முடித்ததும் என் இடது கையை எடுத்து, கோணலாக இருக்கும் சுண்டுவிரலைத் தடவிப் பார்த்தார்.

"என்கிட்டயும் வெரலுன்னுதான சொன்ன."

"ஆமா."

முப்பது வருஷத்தில் அந்த மனுஷர் மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. இன்றைக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போனால், கிளப்காரர்கள் கடை ஷட்டரில் ஒட்டிவிட்டுப் போயிருந்த விழா போஸ்டரைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தார். இதை வியாழக்கிழமை காலையில் சேர்த்து எழுதுகிறேன்.

ஜூலை 9, ஞாயிறு

பஜார் மண்டபத்து ஒலிபெருக்கி கடைவரை கேட்கிறது. ஞாயிறு விடுமுறைதான், இருந்தாலும் கடையைத் திறந்தேன். மேடைக்குப் பின்னால் வேறு ஏதோ படம் வைத்திருக்கிறார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். வரவேற்புரைக்கு வேறு யாரோ ஓர் ஆண் குரல்.

பத்தரை மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படத்துக்குக் கீழே இருந்த "மறக்க முடியாத தருணம்" என்பதை அழித்தேன். பதினாலு வருஷமாக அது அங்கே இருந்து என் வாயை அடைத்திருக்கிறது. பின்னால் ஒளித்து வைத்திருந்த விவரத்தை எடுத்து, முன்னால், படத்துக்குக் கீழே போட்டேன். வெள்ளையில் கறுப்பு. கண் கூசாத அளவில் பெரிய எழுத்து. இனி கண் தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும், சிக்னல் இல்லாத டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே வாசகம்தான்.

பிறகு மூன்று இடத்தில் திருத்தினேன். "ஆறாம் எண் அவரை விட்டு விலகிச் சாய்ந்து நிற்கிறாள்" என்பதை "ஆறாம் எண் நான். அவரை விட்டு விலகிச் சாய்ந்து நிற்கிறேன்" என்றாக்கினேன். "அவளுடைய இடது சுண்டுவிரலில் கட்டு" என்பது "என்னுடைய" ஆயிற்று. "நான் சிரிக்கவில்லை" என்று அடித்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "நான் ஆட்டத்தை விட்டது விரலால் இல்லை."

பிலோமினாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டாள். பேசவில்லை, போனைத்தான் ஸ்பீக்கரில் வைத்தாள். அன்றைக்கு எம், இசட், பி என்று உளறிய அதே குரல், எந்த உணர்ச்சியும் இல்லாமல், தெளிவான தமிழில், "ஆறாம் எண் நான்" என்றது. நான் கடைக்குள் தனியாக உட்கார்ந்து கேட்டேன். வெளியே கைதட்டல் கேட்டது. பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். நான் எழுந்து ஷட்டரை இன்னும் மேலே தூக்கிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் குருவம்மாளிடமிருந்து வாட்ஸ்அப். "விழாவுக்குப் போகல. வீட்டுலதான் இருக்கேன். வாசிச்சேன். ஒண்ணாம் எண்ணுன்னு மொட்டையா எதுக்கு விட்டுருக்க? எம் பேரப் போடு. நான் பாத்தேன்னும் இருக்கட்டும்."

"ஒன்றாம் எண், அணித்தலைவி குருவம்மாள்" என்று அடித்தேன். முழுப் பத்தியையும் இடமிருந்து வலம் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.